பொதுக் கொள்முதலில் ஒப்பந்தக் கால நீட்டிப்பு

பொதுக் கொள்முதலில் ஒப்பந்தக் கால நீட்டிப்பு என்பது, அரசுத் துறை, உள்ளாட்சி அமைப்பு அல்லது அரசு நிறுவனம் ஒன்று ஒப்பந்தப்புள்ளி வழியே செய்துகொண்ட ஒப்பந்தம் முடிவடையும் நிலையில், அதே ஒப்பந்ததாரரை அதே நிபந்தனைகளின் கீழ் மேலும் சில காலம் தொடரச் செய்யும் நடவடிக்கை ஆகும். குப்பை அகற்றுதல், குடிநீர் வழங்கல், காவல் பணி, மருந்து வழங்கல் போன்ற சேவைகள் ஒரு நாள்கூட நிற்கக் கூடாதவை. புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அந்த இடைவெளியை நிரப்ப நீட்டிப்பு தேவைப்படுகிறது. அதே நேரத்தில், ஒவ்வொரு நீட்டிப்பும் போட்டியின்றி ஒருவருக்கு வழங்கப்படும் பொதுப்பணமாகவும் அமைகிறது. எனவே நீட்டிப்பை எப்போது, எவ்வளவு காலத்திற்கு, யார் அனுமதிக்கலாம் என்பதற்குச் சட்டங்களும் விதிகளும் எல்லை வகுத்துள்ளன.

மூன்று வகை நீட்டிப்புகள்

செய்திகளில் "டெண்டர் நீட்டிப்பு" என்ற ஒரே சொல் மூன்று வேறு செயல்களைக் குறிக்கப் பயன்படுகிறது. அவற்றைப் பிரித்தறிவது அவசியம்.

முதலாவது, ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கும் கடைசி நாளைத் தள்ளிவைத்தல். இந்நிலையில் ஒப்பந்தம் எதுவும் இன்னும் உருவாகவில்லை. இந்த நீட்டிப்பு எல்லாப் போட்டியாளர்களுக்கும் பொதுவானது.

இரண்டாவது, ஒப்பந்தப்புள்ளியின் செல்லுபடிக் காலத்தை நீட்டித்தல். போட்டியாளர் தாம் குறிப்பிட்ட விலைக்குக் குறிப்பிட்ட நாள்வரை கட்டுப்பட்டிருப்பார். அதற்குள் மதிப்பீடு முடியாவிட்டால், அவரது சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். சம்மதிக்காதவரை வற்புறுத்த முடியாது.

மூன்றாவது, நடைமுறையில் உள்ள ஒப்பந்தத்தின் காலத்தை நீட்டித்தல். இக்கட்டுரை இதைப் பற்றியதே. இதிலும் இரண்டு பிரிவுகள் உண்டு. கட்டடம், சாலை போன்ற பணி ஒப்பந்தத்தில் நீட்டிப்பு என்பது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கக் கூடுதல் நாள் தருவதாகும். வேலையின் அளவு பொதுவாக மாறாது. சேவை அல்லது பொருள் வழங்கல் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கூடுதல் மாதமும் கூடுதல் வேலை, கூடுதல் செலவு. ஆகவே இரண்டாம் பிரிவில்தான் புதிய ஒப்பந்தப்புள்ளியைத் தவிர்க்கும் வாய்ப்பு அதிகம்.

ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, அரசு ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும். அதன் 63ஆம் பிரிவின்படி, வாக்குறுதியைப் பெற்றவர் அதை நிறைவேற்றுவதற்கான காலத்தை நீட்டித்துத் தரலாம். ஆனால் அவர் தமது நன்மைக்காக ஒருதலையாக நீட்டித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1958இல் கேசவ்லால் லல்லுபாய் பட்டேல் வழக்கில் விளக்கியது. இரு தரப்பும் இசைய வேண்டும். ஆதலால் ஒப்பந்ததாரர் பழைய விலையில் தொடர மறுத்தால், ஒப்பந்தத்திலேயே அதற்கான விதி இல்லாதவரை, அலுவலகம் அவரைக் கட்டாயப்படுத்த இயலாது.

55ஆம் பிரிவு தாமதத்தைப் பற்றியது. காலம் முக்கியமான ஒப்பந்தத்தில் தாமதமாக வந்த பொருளையோ பணியையோ ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப் போவதாக அறிவிக்காவிட்டால், பின்னர் அதைக் கேட்க முடியாது. இதனால்தான் பணி ஒப்பந்தங்களில் நீட்டிப்பு ஆணை வழங்கும்போது, "தாமத இழப்பீடு வசூலிக்கும் உரிமைக்குப் பாதகமின்றி" என்ற சொற்றொடரைச் சேர்ப்பது வழக்கம்.

நீட்டிப்பு, புதுப்பிப்பு என்ற இரண்டும் சட்டத்தில் ஒன்றல்ல. 1989ஆம் ஆண்டின் பிரபாஸ் சந்திர தலுய் வழக்கில் உச்ச நீதிமன்றம், குத்தகை ஒன்றைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் காட்டியது. நீட்டிப்பில் பழைய உறவே தொடர்கிறது. புதுப்பிப்பில் புதிய ஒப்பந்தம் ஒன்று பிறக்கிறது. இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. உயிரோடு இருக்கும் ஒப்பந்தத்தையே நீட்டிக்க முடியும். காலம் முடிந்த பிறகு, முன்தேதியிட்டு வழங்கப்படும் "நீட்டிப்பு", பெயரளவில் நீட்டிப்பாக இருந்தாலும், உண்மையில் போட்டியின்றி வழங்கிய புதிய ஒப்பந்தம் என்ற கேள்விக்கு உள்ளாகும்.

மைய அரசின் விதிகள்

மைய அரசின் கொள்முதல், பொது நிதி விதிகள், 2017-இன் கீழும், நிதி அமைச்சகம் வெளியிடும் கொள்முதல் கையேடுகளின் கீழும் நடைபெறுகிறது. காலம் முடியும் ஒப்பந்தங்களைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுவது, விகித ஒப்பந்தம் பற்றிய கையேட்டுப் பகுதி. விகித ஒப்பந்தம் என்பது, அளவைக் குறிப்பிடாமல், குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு பொருளின் விலையை மட்டும் நிலைநிறுத்தும் ஏற்பாடு. அதன் நீட்டிப்பு குறித்த நெறிகள் பின்வருமாறு:

1. பழைய ஒப்பந்தம் முடிந்த மறுகணமே புதியது நடைமுறைக்கு வரும்படி திட்டமிட வேண்டும். இடைவெளி இருக்கக் கூடாது.
2. சிறப்புக் காரணங்களால் புதியது முடிவாகாதபோது மட்டும், உரிய நேரத்தில் பழையதை அதே நிபந்தனைகளில் நீட்டிக்கலாம்.
3. ஒப்பந்ததாரரின் சம்மதம் வேண்டும். சம்மதிக்காத நிறுவனங்களை விட்டுவிட வேண்டும்.
4. சந்தையில் விலை இறங்குமுகமாக இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.
5. நீட்டிப்பு பொதுவாக 3 மாதத்திற்கு மேற்படக் கூடாது.

நான்காம் நெறி கவனிக்கத்தக்கது. விலை இறங்கும் காலத்தில் பழைய விலையில் நீட்டித்தால், இழப்பு முழுவதும் பொதுப்பணத்தின் மீது விழும். விலை ஏறும் காலத்தில் ஒப்பந்ததாரரே தொடர விரும்பமாட்டார். ஆகவே ஒப்பந்ததாரர் மிகுந்த ஆர்வத்தோடு நீட்டிப்புக் கேட்கிறார் என்றால், சந்தை விலையை ஒருமுறை சரிபார்ப்பதே முறை.

நீட்டிப்போடு பிணையும் நீள வேண்டும். பொது நிதி விதிகளின் 171ஆம் விதிப்படி, ஒப்பந்ததாரரின் செயல்திறன் பிணை, அவரது எல்லாக் கடமைகளும் முடிந்த நாளிலிருந்து மேலும் 60 நாள் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டு வங்கி உத்தரவாதத்தை நீட்டிக்க மறந்தால், நீட்டித்த காலத்தில் பணி கெட்டாலும் பிணையிலிருந்து பணத்தை மீட்க வழி இராது.

யாருடைய தவறும் இல்லாத நேரத்தில் விதிகள் நெகிழ்கின்றன. கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 மே 13 அன்று மைய நிதி அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை இதற்கு எடுத்துக்காட்டு. 2020 பிப்ரவரி 20 அன்றோ அதன் பின்னரோ முடிக்க வேண்டியிருந்த ஒப்பந்தங்களுக்கு, 3 மாதத்திற்குக் குறையாமலும் 6 மாதத்திற்கு மிகாமலும், அபராதம் இன்றி நீட்டிப்புத் தர அது வழி செய்தது. ஆனால் பிப்ரவரி 19 அன்று ஏற்கெனவே கடமை தவறியிருந்தவர்களுக்கு இச்சலுகை இல்லை.

தமிழ்நாட்டுச் சட்டம்

தமிழ்நாட்டில் அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் கொள்முதலை, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, அதன் கீழான 2000ஆம் ஆண்டு விதிகள் ஆகியவை ஒழுங்குபடுத்துகின்றன. ஒப்பந்தப்புள்ளி இன்றிக் கொள்முதல் கூடாது என்பது இச்சட்டத்தின் மையக் கருத்து. 16ஆம் பிரிவு விதிவிலக்குகளைக் கூறுகிறது. அரசு அறிவித்த இயற்கைப் பேரிடர் அல்லது அவசரநிலை, ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருள் அல்லது சேவை, ஏற்கெனவே வாங்கிய கருவிகளோடு பொருந்த வேண்டிய கூடுதல் கொள்முதல் போன்றவை அவற்றுள் அடங்கும். "பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதியது தயாராகவில்லை" என்பது தனி விதிவிலக்காக அங்கு இல்லை.

எனவே நீட்டிப்புக்கான பாதுகாப்பான இடம் மூல ஒப்பந்தப்புள்ளி ஆவணமே. "இரண்டு ஆண்டுகள், பணி திருப்திகரமாக இருப்பின் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம்" என்று முதலிலேயே எழுதியிருந்தால், எல்லாப் போட்டியாளர்களும் மூன்று ஆண்டுகளைக் கணக்கில் கொண்டே விலை குறித்திருப்பர். அப்போது நீட்டிப்பு போட்டியின் ஒரு பகுதியாகிறது. அவ்வாறு எழுதாமல் பின்னர் ஓராண்டைச் சேர்த்தால், அந்த ஓராண்டுக்கான போட்டி நடக்கவே இல்லை என்று பொருள். அந்த ஆண்டு உண்டு என்று தெரிந்திருந்தால் குறைந்த விலைக்கு வந்திருக்கக் கூடிய சிறு ஒப்பந்ததாரர் வாய்ப்பை இழக்கிறார்.

திருவண்ணாமலை: நாள்காட்டி அறிந்த நகரம்

நீட்டிப்பு விதிகள் நடைமுறையில் என்ன பொருள்படும் என்பதைக் காண, திருவண்ணாமலை போன்ற கோயில் நகரம் பொருத்தமான எடுத்துக்காட்டு. அருணாசலேசுவரர் கோயிலைக் கொண்ட இந்நகரில் ஒவ்வொரு பௌர்ணமியிலும் பக்தர்கள் ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையைச் சுற்றி வருகின்றனர். கார்த்திகைத் தீபத் திருவிழாவில் கூட்டம் பல இலட்சமாகப் பெருகும். நகராட்சியாக இருந்த திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

இத்தகைய நகரில் துப்புரவு, குடிநீர், தற்காலிகக் கழிப்பறை, மின்விளக்கு, தடுப்புக் கட்டைகள் ஆகியவற்றுக்கான தேவை மாதந்தோறும் ஏறி இறங்கும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு துப்புரவு ஒப்பந்தம் முடிகிறது என்று கொள்வோம். புதியவரை அமர்த்த நேரமில்லை; பணியை நிறுத்தவும் முடியாது. அலுவலகத்தின் முன் நீட்டிப்பு ஒன்றே வழியாக நிற்கும். ஆனால் பௌர்ணமி எந்நாள், தீபம் எந்நாள் என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகிவிட்ட செய்தி. ஒப்பந்தம் முடியும் நாளும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுள்ளது. இரண்டும் தெரிந்திருக்க, "திடீர் அவசரம்" என்ற காரணம் விதிகளின் முன் வலுவிழக்கிறது.

உண்மையான அவசரம் வேறு வகையானது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் கனமழையால் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகர்ப் பகுதியில் 7 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு மகாதீபம் டிசம்பர் 13 அன்று. பாதுகாப்புக் கருதிப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மண்ணையும் பாறையையும் அகற்றும் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி அறிவித்துக் காத்திருக்க முடியாது. 16ஆம் பிரிவில் உள்ள பேரிடர் விதிவிலக்கு இப்படிப்பட்ட நாள்களுக்கானது. ஒரே மாதத்தில் ஒரே நகரில் நேர்ந்த இவ்விரண்டு நிகழ்வுகளில், மண்சரிவை யாரும் நாள் குறித்து எதிர்பார்த்திருக்க முடியாது. தீபத் திருவிழாவை அனைவரும் எதிர்பார்த்திருந்தனர்.

கோயிலின் குத்தகைகள்

கொள்முதலில் அரசு பணம் கொடுக்கிறது. குத்தகையில் பணம் பெறுகிறது. கால நீட்டிப்பின் சிக்கல் இரண்டிலும் ஒன்றே. தமிழகக் கோயில்களில் கடை, வாகன நிறுத்தம், காணிக்கைப் பொருள் விற்பனை போன்ற உரிமங்கள் பொது ஏலத்தில் விடப்படுகின்றன. பல உரிமங்கள் பசலி ஆண்டு அடிப்படையில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, அமைகின்றன. 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி.

கோயிலின் அசையாச் சொத்தை 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்குக் குத்தகைக்கு விட வேண்டுமானால், இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 1959-இன் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் ஒப்புதல் தேவை. அது இல்லாத குத்தகை செல்லாது. மேலும், அக்குத்தகை கோயிலுக்குத் தேவையானது அல்லது நன்மையானது என்று ஆணையர் கருத வேண்டும். குறுகிய குத்தகை ஒன்றை மீண்டும் மீண்டும் நீட்டித்து நீண்ட குத்தகையாக்குவது இந்தப் பாதுகாப்பின் நோக்கத்தையே குலைக்கும். ஏலம் நடக்காத ஒவ்வோர் ஆண்டும், கூடுதல் தொகை கிடைக்கும் வாய்ப்பைக் கோயில் இழக்கிறது.

பின்னோக்கிய காலக் கணக்கு

நீட்டிப்பைத் தவிர்க்க எளிய கருவி பின்னோக்கிய கணக்கு. தமிழ்நாட்டு விதிகளின்படி, ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்க, 2 கோடி ரூபாய் வரையிலான மதிப்புக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்ட மதிப்புக்குக் குறைந்தது 30 நாளும் தர வேண்டும். இதைக் குறைக்க, மேல்நிலை அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். முடிவால் பாதிக்கப்பட்ட போட்டியாளர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஆவணம் தயாரித்து ஒப்புதல் பெற 30 நாள், ஒப்பந்தப்புள்ளி பெற 30 நாள், தொழில்நுட்ப, விலை மதிப்பீட்டுக்கு 30 நாள், மேல்முறையீட்டுக்கும் அதன் முடிவுக்கும் 25 நாள், பிணை பெற்று ஒப்பந்தம் கையெழுத்திட 15 நாள். மொத்தம் 130 நாள். ஒப்பந்தம் ஜூன் 30இல் முடிகிறது என்றால், வேலை பிப்ரவரி 20 வாக்கில் தொடங்கியிருக்க வேண்டும். மே மாதக் கடைசியில் கோப்பைத் திறக்கும் அலுவலகம், நீட்டிப்பை அப்போதே தேர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

நீட்டிப்பின் சுமை யார் மீது

நீட்டிப்பின் விலை ரூபாயில் மட்டும் தெரிவதில்லை. சேவை ஒப்பந்தங்களில் செலவின் பெரும்பகுதி தொழிலாளர் கூலி. குறைந்தபட்சக் கூலியும் அகவிலைப்படியும் உயரும்போது, பழைய விலையில் நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் அந்த உயர்வுக்கு இடம் இருப்பதில்லை. ஒப்பந்ததாரர் தம் இலாபத்தைக் குறைக்கலாம். அல்லது ஆள் எண்ணிக்கையையோ, வருங்கால வைப்புநிதிச் செலுத்தலையோ குறைக்க முயலலாம். ஆகவே கூலி உயர்வை ஈடுசெய்யும் விதி மூல ஒப்பந்தத்தில் இருப்பது, துப்புரவுத் தொழிலாளருக்கு நேரடிப் பாதுகாப்பு.

ஒப்பந்தம் முடிந்தும் எந்த ஆணையும் இல்லாமல் பணி தொடர்வது இன்னும் மோசமான நிலை. அப்போது பட்டியலை அனுமதிக்க அலுவலர் தயங்குவார், கூலி நிற்கும். இந்நிலையில் ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு ஓரளவு துணை நிற்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் சட்டப்படி செய்த பணியின் பயனை மற்றவர் அனுபவித்தால், ஈடு தர வேண்டும் என்கிறது அது. முறையான ஒப்பந்தம் இல்லாதபோதும் அரசுக்கு இது பொருந்தும் என்று மேற்கு வங்க அரசு – பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்த ஈட்டைப் பெற, பெரும்பாலும் வழக்காட வேண்டியிருக்கும்.

நீதிமன்றங்களின் பார்வை

அரசு தன் ஒப்பந்தங்களை விருப்பம்போல் வழங்க முடியாது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு இங்கும் பொருந்தும் என்பது, 1979ஆம் ஆண்டின் ரமணா தயாராம் ஷெட்டி தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற கொள்கை. 2006இல், மீரட் நகர் நிகம் – அல் பஹீம் மீட் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில், பொது ஏலம் அல்லது ஒப்பந்தப்புள்ளியே வழமை. அதிலிருந்து விலகுதல் அரிதான, விதிவிலக்கான சூழலில் மட்டுமே என உச்ச நீதிமன்றம் கூறியது. பேரிடர், அவசரநிலை, ஒரே வழங்குநர், ஏலம் பலமுறை நடத்தியும் ஆள் வராமை போன்றவற்றை அது எடுத்துக்காட்டியது.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறையின் 72ஆம் உறுப்பு, மூல ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்ட நீட்டிப்பை ஏற்கிறது. ஒப்பந்தத்தின் தன்மையையே மாற்றும் திருத்தத்திற்குப் புதிய போட்டியைக் கோருகிறது. பிரித்தானியாவில் 2025 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டம், 2023, ஒரு தெளிவான அளவுகோலைத் தருகிறது. வழங்கியபோது குறித்த அதிகபட்சக் காலத்தை 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டினால் அல்லது குறைத்தால், அது கணிசமான மாற்றமாகக் கருதப்படும். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் இது 6 மாதம் ஆகும். அமெரிக்காவில், சேவை தடைபடாமல் இருக்க மொத்தம் 6 மாதம் வரை நீட்டிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே அரசு எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. எண்கள் மாறுபட்டாலும், நீட்டிப்பு முன்னரே அறிவிக்கப்பட்டதாகவும் குறுகியதாகவும் இருக்க வேண்டும் என்பதில் இம்முறைகள் ஒத்துப்போகின்றன.

ஓர் ஆணையைப் படிக்கும் முறை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், நீட்டிப்பு ஆணையின் நகலையும் கோப்புக் குறிப்பையும் எவரும் கேட்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் கிடைத்ததும் பார்க்க வேண்டியவை:

• ஆணையின் தேதி, ஒப்பந்தம் முடிந்த தேதிக்கு முந்தையதா?
• மூல ஆவணத்தின் எந்தப் பிரிவின் கீழ் நீட்டிப்புத் தரப்பட்டது?
• ஒப்பந்ததாரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் உள்ளதா?
• சந்தை விலை ஒப்பிடப்பட்டதா?
• வங்கி உத்தரவாதமும் நீட்டிக்கப்பட்டதா?
• ஒப்புதல் தந்தவர், நீட்டிப்பைச் சேர்த்த மொத்த மதிப்புக்கு அதிகாரம் உள்ளவரா? உள்ளாட்சி என்றால் மன்றத் தீர்மானம் உள்ளதா?
• இது எத்தனையாவது நீட்டிப்பு?
• புதிய ஒப்பந்தப்புள்ளி எந்த நிலையில் உள்ளது?

கடைசி இரண்டு கேள்விகளுக்கான விடையே பெரும்பாலும் முழுக் கதையையும் சொல்லிவிடும். புதிய ஒப்பந்தப்புள்ளி அறிவிக்கப்பட்டு, மதிப்பீட்டில் இருக்கும்போது தரப்பட்ட முதல் மூன்று மாத நீட்டிப்பு, சேவை நிற்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அறிவிப்பே வெளியாகாத நிலையில் வந்த மூன்றாவது நீட்டிப்பு, தணிக்கையாளருக்கும் குடிமக்களுக்கும் காரணம் சொல்லியாக வேண்டிய ஒன்று.